நாற்பது குப்பைகள் காணாமல் போன வழக்கு

அத்தியாயம் 7

"களவு போனது என்ன?" என்று கேட்டாள் தபால் அக்கா.

"குப்பைங்கம்மா," என்றார் வந்தவர். "மொத்தம் நாற்பது. அதுல முப்பத்தொன்பது போச்சு."

அக்காவின் உதவியாளன் ஒட்டடை, எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தான்.

"நம்ம தெருவுக்கு வாரம் ரெண்டு தடவை ஒரு வண்டி மணியடிச்சுக்கிட்டு வருது சார். திருடன் அதுதான். கேஸ் முடிஞ்சுது அக்கா, டீ சொல்லட்டுமா?"

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. சலவைக் கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை, கீழேயிருந்து ஏறி வரும் இஸ்திரிச் சூடு, அவ்வளவுதான். அக்கா இருபத்திரண்டு வருஷம் தபால் நிலையத்தில், விலாசம் சரியில்லாத கடிதங்களைப் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். 'நீல ஜன்னல் வீட்டு மாமாவுக்கு' என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தைக்கூட எந்த மாமா என்று கண்டுபிடித்து அனுப்பிவிடுவாள். ஒட்டடையோ பதினோரு வருஷம் செல்போன் ரிப்பேர் கடையில் குனிந்தே கிடந்துவிட்டு, நாற்பதாவது வயதில் நிமிர்ந்து பார்க்கலாம் என்று இங்கே வந்தவன். நிமிர்ந்ததில் தலை கூரையைத் தொட்டது. எந்த அறைக்குள் போனாலும் அந்த அறையின் சிலந்தி வலை அவன் முடியோடு வெளியே வரும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு முழுவதும் ரகசியக் குரலில்தான். யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நினைத்து ஒட்டடை இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டான்.

"யாரும் இல்லைங்க. என் குரலே இதுதான்," என்றார் அவர். "நான் நாடகக் கொட்டகையில பிராம்ப்டர். மேடைக்கு முன்னாடி ஒரு பொந்து இருக்கும், அதுக்குள்ள உக்காந்து நடிகருங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிறவன். பத்தொன்பது வருஷமாக் கிசுகிசுத்து, இப்ப சத்தமே எழும்ப மாட்டேங்குது. கொட்டகையில எல்லாரும் என்னைக் கிசுகிசுன்னுதான் கூப்பிடுவாங்க. வீட்டுல உப்பு கேட்டாக்கூட, 'ஏன், யாருக்குத் தெரியக் கூடாது?'ன்னு கேக்குறா என் சம்சாரம்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு இ-ரீடரை எடுத்து மேசை மேல் வைத்தார். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. மேலுறையின் மூலையில் சணல் கயிற்றில் ஒரு அட்டைத் துண்டு தொங்கியது. 118 என்று அதில் எழுதியிருந்தது.

"முன்னெல்லாம் காகிதமும் டார்ச்சும்தாங்க. டார்ச் வெளிச்சம் கீழேருந்து என் முகத்துல அடிக்கும். முதல் வரிசைக் குழந்தைங்க நாடகத்தை விட்டுட்டு என்னைப் பார்த்து அலறும். அதுக்குத்தான் இது. கண்ணைக் கூசாது, வெளியில தெரியாது. ஆனா கம்பெனிக்காரன் கொடுத்தபடி எழுத்து எனக்குப் போதுமான அளவு பெருசா வராது, தானா நகரவும் செய்யாது. என் தங்கச்சி மகன் இதை ஜெயில்பிரேக் பண்ணிக் கொடுத்தான். அதாவது கம்பெனிக்காரன் போட்ட பூட்டை உடைச்சு, நமக்கு வேண்டியதை உள்ள ஏத்திக்கிறது. இப்ப வசனம் ஒவ்வொண்ணும் பூசணிக்காய் சைஸ்ல வரும். நாயகர் பேசுற வேகத்துக்கு மேல ஏறிக்கிட்டே போகும்."

"நாயகர்?"

"எங்க கதாநாயகருங்க. ஒரு வரிகூட மனப்பாடம் கிடையாது. என் வாயைப் பார்த்துத்தான் அவர் வாய் அசையும்."

"சரி, குப்பைக்கு வாங்க," என்றாள் அக்கா.

கிசுகிசு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் விடாம அப்டேட் அனுப்புவான். அது உள்ள வந்துட்டா, தங்கச்சி மகன் செஞ்சதெல்லாம் அழிஞ்சு பழைய பூட்டு விழுந்துடும். அதைத் தடுக்க அவன் முதல்ல ஏதோ ஒரு ஃபைலோட பேரை மாத்தினான். ரெண்டே நாள்ல அது பழைய பேர்ல முளைச்சு வந்துடுச்சு. அப்புறம் ஒரு யோசனை பண்ணான். அப்டேட் இறங்கறதுக்கு உள்ள காலி இடம் வேணும்ல? இடமே இல்லாமப் பண்ணிட்டா? வெறும் குப்பையா நாற்பது புத்தகம் செஞ்சு உள்ள அடைச்சான். குப்பை ஒண்ணு, குப்பை ரெண்டுன்னு வரிசையாப் பேரு. அப்டேட் வந்து எட்டிப் பார்க்கும், இடம் இல்லைன்னு திரும்பிப் போயிடும்."

"நல்ல வாடகை வீட்டு யோசனை," என்றான் ஒட்டடை. "விருந்தாளி வராம இருக்க, வாசல்ல பழைய பீரோவைப் போட்ட மாதிரி."

"அந்தப் பீரோவைத்தாங்க யாரோ இழுத்துப் போட்டுடுறாங்க. மூணாவது ஆட்டம் முடிஞ்ச மறுநாள் பார்த்தா குப்பை காணோம். தங்கச்சி மகன் திரும்ப அடைச்சான். ஆறாவது ஆட்டத்துக்கு அப்புறம் திரும்பக் காணோம். நான் கவனிக்கல. ஏழாவது ஆட்டத்துல, கொலை நடந்த சீன்ல, வசனம் மறைஞ்சு 'புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும்'னு வந்துடுச்சு. நாயகர் எட்டு நிமிஷம் பிணத்துக்குப் பக்கத்துல சும்மா நின்னார். கடைசியில ஜனங்களைப் பார்த்து, 'இன்று வெயில் அதிகம்' அப்படின்னார்."

ஒட்டடை வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"தங்கச்சி மகன் எப்படியோ மறுபடி உடைச்சுக் கொடுத்துட்டு, போன ஞாயித்துக்கிழமை கப்பல் வேலைக்குப் போயிட்டான். இனிமே உடைக்க ஆள் இல்ல. இப்ப வர்ற அப்டேட் விழுந்தா உடைக்கவும் முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனான். நேத்து ஒன்பதாவது ஆட்டம். இன்னைக்கு மத்தியானம் திறந்து பார்த்தா முப்பத்தொன்பது குப்பை காணோம், அப்டேட் அறுபது சதவீதம் இறங்கியிருக்கு. பதறிப்போய் வைஃபையை அணைச்சேன்."

"அப்படியே அணைச்சே வெச்சுட்டா என்ன?" என்றான் ஒட்டடை.

"எங்க முதலாளிதான் நாடகத்தையும் எழுதுறவர். கடைசிப் பக்கத்தை மட்டும் தினமும் மாத்துவார். அஞ்சு மணிக்கு நடிகருங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டு, ஆறு மணிக்கு வைஃபைல இதுக்கு அனுப்புவார். அவர் கையெழுத்துல வாங்கலாம்னா, இன்னைக்கு எழுதினதை நாளைக்கு அவரே படிக்க முடியாது. வைஃபை போட்டே ஆகணும். போட்ட உடனே மிச்ச நாற்பது சதவீதமும் இறங்கிடும்." கிசுகிசுவின் குரல் இன்னும் இறங்கியது. "இன்னொரு தடவை நாயகர் ஊமையா நின்னா என்னை அனுப்பிடுறதா முதலாளி சொல்லிட்டாரு. நாயகர் காதுக்குள்ள ஒரு மெஷினை மாட்டிட்டாப் போதுமாம். பேச்சே வராத ஆளை, வேற யாரும்மா வேலைக்கு வெச்சுக்குவாங்க?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை.

"ஒரே ஒரு கேள்வி. நாற்பதுல முப்பத்தொன்பது போச்சு. மிஞ்சினது எது?"

"குப்பை ஏழு."

"போன ரெண்டு தடவையும்?"

கிசுகிசு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் கண் அகலமானது. "ஆமாங்க! ஒவ்வொரு தடவையும் ஏழு மட்டும் இருந்துச்சு!"

"கிளம்பு ஒட்டடை," என்றாள் அக்கா, செருப்பைத் தேடியபடி. "இது எதிரி பண்ணின வேலை இல்ல. எதிரியா இருந்தா நாடகத்தையே அழிச்சிருப்பான்."

*

நாடகக் கொட்டகையின் பின்மேடைக்கு ஒரு குறுகலான நடைபாதை வழியாகப் போக வேண்டும். அந்த நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. சாந்தில் செய்த மான் தலை ஒன்று, பாதி சைக்கிள், காய்ந்த காகிதப் பூக்கள், ஊன்றுகோல் ஒன்று, எல்லாம் குவிந்து கிடந்தன. ஒட்டடை குனிந்து போனதால் மான் கொம்பு காதைக் குத்தியது.

"வீடு காலி பண்றாங்களா?"

"அதெல்லாம் கழிச்சுப் போட்டதுங்க. நீங்க நாயகரைப் பாருங்க முதல்ல," என்றார் கிசுகிசு. "எனக்கு அவர் மேலதான் சந்தேகம். போன வாரம் ஒரு பத்திரிகைக்காரர்கிட்ட, 'எனக்கு எல்லா வசனமும் மனப்பாடம்'னு சொல்லிட்டிருந்தார். நான் பக்கத்துல நின்னு இருமிட்டேன்."

அக்கா உடனே நகரவில்லை. ஊன்றுகோலைத் தூக்கிப் பார்த்தாள். அதன் பிடியிலும் சணல் கயிற்றில் ஒரு அட்டைத் துண்டு தொங்கியது. எண் 64.

"இதுக்கு ஜோடி எங்க?"

"மேடையில இருக்கு. தாத்தா வேஷக்காரர் ஒண்ணைத்தான் ஊன்றார், ரெண்டாவதைத் தொடுறதே இல்ல."

"ம்," என்றாள் அக்கா. அவள் 'ம்' என்றால் பாதி வழக்கு முடிந்தது என்று அர்த்தம். எந்தப் பாதி என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

நாயகர் ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் செல்போனை நிமிர்த்தி வைத்து, தான் ஜனங்களுக்குத் தலை வணங்குவதைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் உள்ளே வந்ததும் இன்னொரு தடவை வணங்கினார், அது இவர்களுக்கா போனுக்கா என்று தெரியவில்லை.

"வணக்கம். கையெழுத்து வேணுமா?"

"ஒரு வாக்குமூலம் போதும்," என்றான் ஒட்டடை. "கிசுகிசுவோட இ-ரீடரைத் தொட்டீங்களா?"

"நானா? தொடுறதா?" நாயகர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிசுகிசுவைவிட ரகசியமான குரலில் சொன்னார்: "ஏம்மா, வெளியில சொல்லிடாதீங்க. அந்த ஆள் இல்லைன்னா மேடையில எனக்கு என் பேரே வராது. அன்னைக்கு எட்டு நிமிஷம் நின்னேனே, வெயிலைப் பத்திப் பேசினேனே, அது நானாச் சொன்ன முதல் வசனம். இருபது வருஷத்துல முதல் வசனம்! அதுக்கப்புறம் மூணு நாள் சோறு இறங்கல. அந்தப் பெட்டி மேல யாராவது தண்ணி தெளிச்சாக்கூட நான் மேல விழுந்து தடுப்பேன்."

"அப்ப வெயிலைப் பத்தின வசனம் யாரு எழுதினது?" என்றான் ஒட்டடை.

"வெயில்தான்," என்றார் நாயகர் பரிதாபமாக.

வெளியே வந்ததும் ஒட்டடை விரலை மடக்கினான். "நாயகர் இல்ல. வேற யாரு? முதலாளி? அவருக்கு ஆளை அனுப்பணும்னா நேராவே அனுப்பலாம். அக்கா, நம்மகிட்ட ஆளே இல்ல. இருக்கிறது ஒரே ஒரு குப்பை ஏழு."

"அதுவே போதும். ஐயா, ஏழுக்கும் மத்ததுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லைங்களே. எல்லாத்துலயும் 'க' மட்டும்தான் எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கான பக்கம், வெறும் க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிசுகிசுவின் முகம் சிவந்தது. "ஏழை மட்டும் ஒரு நாள் கை தவறித் திறந்துட்டேங்க. ஒவ்வொரு தடவை ஏத்துனப்பவும் அதே ஏழைத் திறந்து பார்ப்பேன். விட்ட இடத்துலேர்ந்து."

"விட்ட இடத்துலேர்ந்தா! படிச்சீங்களா?"

"முதல் நாலு பக்கம் க தான். அஞ்சாவது பக்கத்துல கதை சூடு பிடிக்குமோன்னு ஒரு ஆசை."

ஒட்டடை சுவரில் சாய்ந்துகொண்டான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"திறந்து பார்த்தது ஏழு மட்டும். தப்பிச்சதும் ஏழு மட்டும். அப்புறம் நாள் கணக்கைப் பாரு ஒட்டடை. மூணாவது ஆட்டம், ஆறாவது, ஒன்பதாவது. எந்தக் கெட்டவனாவது இப்படி ஒழுங்கா முறை வெச்சுக் கெட்டது செய்வானா? இது கோபத்துல செய்ற வேலை இல்ல. கடமையில செய்ற வேலை." நடைபாதையைக் காட்டினாள். "மான் தலையை யாரும் தொடல, ரெண்டாவது ஊன்றுகோலை யாரும் தொடல. அதெல்லாம் எங்க கிடக்கு? இந்தக் கொட்டகையில தொடாத சாமானைக் கழிச்சுப் போடுறது யார் வேலை?"

கிசுகிசு பின்மேடை அலமாரிப் பக்கம் கை காட்டினார்.

*

சாமான்காரர் பின்மேடை அலமாரிக்கு முன்னால், முழங்கால் மேல் தடிமனான பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில், இடுப்பில் சாவிக்கொத்து. நாடகத்தில் வரும் வாள், விசிறி, தொலைபேசி, பிணத்துக்குப் போர்த்தும் துணி வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கேட்டதும் மறைக்கவே இல்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமா, நான்தான் கழிச்சேன். மூணு ஆட்டத்துல யாரும் தொடாத சாமான் பின்மேடையில இருக்கக் கூடாது. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துச் சட்டம். இல்லைன்னா இந்த இடத்துல மனுஷன் நடக்க முடியுமா?"

"அண்ணே, அது என் சொந்தப் பொருள்ணே!" என்றார் கிசுகிசு.

"சொந்தமா?" சாமான்காரர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "நூத்திப் பதினெட்டு. எழுத்துப் பெட்டி ஒன்று. உள்ளே புத்தகம் நாற்பத்தொன்று. பக்கத்துல யாருப்பா கையெழுத்து?"

நால்வரும் குனிந்து பார்த்தார்கள். கையெழுத்து கிசுகிசுவுடையது.

"நீதானே வந்து, 'அண்ணே, இதை உங்க அலமாரியில பூட்டி வைங்க, வெளியில வெச்சாக் களவு போயிடும்'னு கேட்ட? பதிவேட்டுல ஏறாத சாமானை நான் எப்படிப் பூட்டி வைப்பேன்? ஏத்தினேன். ஏத்தினா அதுக்கும் சட்டம் உண்டுல்ல? திறந்து பார்த்தேன். உள்ள முப்பத்தொன்பது சாமான் சும்மா கிடக்குது, எல்லாத்துக்கும் பக்கத்துல 'புதிது, புதிது'ன்னு போட்டிருக்கு. புதுசுன்னா யாரும் தொடலைன்னுதானே அர்த்தம்? ஒண்ணு ஒண்ணா விரலை வெச்சு அழுத்தி எடுத்தேன். முப்பத்தொன்பதுக்கும் முக்கால் மணி நேரம். ஒரு நன்றி சொன்னியா நீ?"

ஒட்டடை கிசுகிசுவின் தோளில் கை போட்டான். "சார், உங்க வழக்குல ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. குற்றவாளிக்கு உதவின கூட்டாளியையும் பிடிச்சாச்சு. அது நீங்கதான்."

"மணி அஞ்சே கால்," என்றாள் அக்கா. "சிரிக்கிற நேரமா இது? ஆறு மணிக்குள்ள அந்தப் பெட்டி நிறையணும். ஒட்டடை, கேபிள் இருக்கா?"

கேபிள் இல்லாமல் ஒட்டடை குளிக்கப் போவதுகூடக் கிடையாது. ஆனால் எதை ஏற்றுவது? ஏழாம் குப்பையை முப்பத்தொன்பது தடவை நகலெடுக்கலாம், இருக்கிற நேரத்தில் பத்துகூடத் தேறாது. அவன் போனில் இருந்ததோ பல் வலிக்கு மாத்திரை எழுதிய சீட்டின் படம் ஒன்றுதான். கிசுகிசுவின் போன் பொத்தான் வைத்தது.

"பெருசா, கனமா, யாருக்கும் உதவாத ஏதாவது வேணும்," என்றான் ஒட்டடை, நெற்றியைத் தட்டிக்கொண்டே.

பக்கத்து அறையிலிருந்து நாயகர் தனக்குத்தானே கைதட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அடுத்த நிமிஷம் நாயகரின் போன் ஒட்டடையின் கையில் இருந்தது. உள்ளே அவர் தலை வணங்கும் வீடியோக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. இடப்பக்கம் வணங்குவது, வலப்பக்கம் வணங்குவது, மாலையோடு, மாலை இல்லாமல், கண்ணீரோடு, பிறகு கண்ணீர் சரியாகத் தெரியவில்லை என்று திரும்பவும் கண்ணீரோடு.

"எதுக்கு இதெல்லாம் கிசுகிசுவுக்கு?" என்றார் நாயகர்.

"அவர் பொந்துக்குள்ள தனியா உக்காந்திருக்காருல்ல," என்றாள் அக்கா முகம் மாறாமல். "உங்களைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமாம்."

நாயகரின் கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது. அதை யாரும் படம் பிடிக்காததில் அவருக்குச் சற்று வருத்தம்.

வீடியோக்கள் ஏற ஏற, சாமான்காரர் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தார். எழுபத்து நாலாவது வணக்கத்தில் பென்சில் முனை ஒடிந்தது. அதற்குள் அக்கா அவரிடம் பேசி, பதிவேட்டில் 118-ஐ ஒரே கோடாக அடிக்க வைத்து, கிசுகிசு பெட்டியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார் என்று எழுதி வாங்கிவிட்டாள். விலாசம் தெரியாத கடிதங்களோடு மல்லாடியவளுக்குச் சாமான்காரர் எம்மாத்திரம்!

"இன்னும் கொஞ்சம் இடம் இருக்கு," என்றான் ஒட்டடை. "நூலளவு."

"அடைச்சிடுங்க!" என்றார் கிசுகிசு. "ஒரு எறும்பு உக்கார இடம் இருக்கக் கூடாது!"

கடைசியாக ஒரு சின்ன வணக்கத்தையும், அதற்கும் மேல் மாத்திரைச் சீட்டையும் திணித்தான் ஒட்டடை. மணி ஆறு. கிசுகிசு கண்ணை மூடிக்கொண்டு வைஃபையைத் தட்டினார். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது.

'இடம் போதவில்லை. இரண்டு உருப்படிகள் இறக்கப்படவில்லை.'

"போதல! இடம் போதல!" கிசுகிசு ஒட்டடையைக் கட்டிப் பிடித்தார். அவர் கை எட்டியது ஒட்டடையின் இடுப்பு வரைதான். நாடகத்தைத் திறந்து பார்த்தார். பூசணிக்காய் எழுத்துகள் வரிசையாக நின்றன. அதே நேரம் முதல் மணி அடித்தது. கிசுகிசு பெட்டியை மார்போடு அணைத்தபடி பொந்தை நோக்கி ஓடினார்.

*

வழக்கை முடித்தவர்களுக்கு இலவசமாக நாடகம் பார்க்க அனுமதி கிடைத்தது. அக்காவுக்குத் திரைச்சீலை ஓரம் ஒரு ஸ்டூல். ஒட்டடைக்குக் கிசுகிசுவின் பொந்திலேயே இடம். மூன்றாக மடிந்து உட்கார்ந்தான், பொந்தின் கூரையில் இருந்த சிலந்தி வலை முழுவதும் அவனுக்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நடந்தது. எழுத்துகள் மேலே ஏறின. கிசுகிசு உதட்டை அசைத்தார், நாயகர் கர்ஜித்தார். செல்வந்தரைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கும் கடைசிக் காட்சி வந்தது. மேடையில் டாக்டர் வேஷக்காரர் ஒரு பக்கம், தோட்டக்கார வேஷக்காரர் மறுபக்கம். இன்ஸ்பெக்டர் கைவிலங்கோடு நின்றார்.

அந்த நேரத்தில்தான் ஒட்டடைக்கு, எங்கேயோ ஒரு திருகாணி கழன்ற மாதிரி ஒரு யோசனை வந்தது.

"சார்," என்றான் மெதுவாக. "இறங்கலைன்னு வந்துச்சே, ரெண்டு உருப்படி. ஒண்ணு அப்டேட். இன்னொண்ணு?"

கிசுகிசுவின் உதடு அடுத்த வரியை ஏற்கெனவே உச்சரித்து முடித்திருந்தது. அவர் திரும்பி ஒட்டடையைப் பார்த்த முகத்தில் ரத்தமே இல்லை. ஆறு மணிக்கு முதலாளி அனுப்பிய புதிய கடைசிப் பக்கத்துக்கும் எறும்பு உட்கார இடம் கிடைத்திருக்கவில்லை. பெட்டியில் இருந்தது நேற்றைய பக்கம். மற்ற நடிகர்களிடம் இருந்தது இன்றைய பக்கம்.

மேடையில் நாயகர் கையை நீட்டினார். "டாக்டர்! செல்வந்தரைக் கொன்ற பாவி நீதான்!"

டாக்டர் திடுக்கிட்டார். இன்றைக்கு அவர் குற்றமற்றவர், கொன்றது தோட்டக்காரர் என்று ஐந்து மணிக்குத்தான் படித்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் நேற்று சொன்ன வசனம் அவர் நாக்கை இழுத்தது. "ஆம்! நான்தான் கொன்றேன்!" என்றார்.

அதே நொடியில், நாயகர் யாரை நோக்கிக் கத்தினாலும் மண்டியிட வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்த தோட்டக்காரர் தடாலென்று விழுந்தார். "ஆம்! நான்தான் கொன்றேன்!"

டாக்டர் தோட்டக்காரரை முறைத்தார். "பொய்! நான்தான் கொன்றேன்!"

"இல்லை, நான்!" தோட்டக்காரர் விடவில்லை. முதன்முதலாக அவருக்கு ஒரு பெரிய காட்சி கிடைத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கவாட்டிலிருந்து சாமான்காரரின் குரல் கொட்டகை முழுவதும் கேட்டது: "விலங்கு ஒண்ணுதான் பதிவேட்டுல இருக்கு!"

முதல் சிரிப்பு பின்வரிசையில் எழுந்து, வரிசை வரிசையாக உருண்டு வந்து மேடையில் மோதியது. அதற்கு மேல் ஒரு வசனமும் காதில் விழவில்லை. நாயகர் தலை வணங்கினார், அதற்கு மட்டும் அவருக்குக் கிசுகிசு வேண்டியிருக்கவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

திரை விழுந்ததும் முதலாளி வந்தார். வரும் வேகத்தில் நடைபாதையில் கிடந்த மான் தலை உருண்டது. கிசுகிசு பொந்திலிருந்து மேலே ஏறவில்லை. தலை மட்டும் வெளியே தெரிந்தது. ஒட்டடை பக்கத்தில் இருந்தான், எழுந்திருக்க முடியாத அளவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஓடிப்போக வழியில்லை.

"கிசுகிசு," என்றார் முதலாளி. "நான் அனுப்பின பக்கம் வரலையா?"

"வரலைங்க முதலாளி." சத்தம் இன்னும் குறைந்து, வெறும் காற்றாக வந்தது. "இடம் இல்லைங்க. தப்பு என்னோடது. இந்த அம்மாவையோ இந்தத் தம்பியையோ ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போயிடறேன்."

முதலாளி மேடை விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே ஜனங்கள் இன்னும் கலையாமல் சிரித்துக்கொண்டிருப்பது சுவர் வழியாகக் கேட்டது.

"இருபது வருஷமாக் கடைசிப் பக்கத்தை மாத்தி மாத்தி எழுதுறேன்," என்றார். "ஒரு நாள்கூட ஒருத்தனும் எழுந்து நின்னது இல்ல. எங்கயும் போகாத. நாளைக்கும் எனக்கு இதே தப்பு வேணும். அச்சுப் பிசகாம!"

கிசுகிசு ஏதோ சொன்னார். இந்தத் தடவை ஒட்டடைக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் கன்னத்தில் வழிந்ததைப் பார்த்தால் நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப இனிமே புதுப் பக்கமே வராதுல்ல முதலாளி? ஐயா, வைஃபையை அணைச்சுடுங்க. ஜன்மத்துக்கும் போடாதீங்க."

அப்போது இருட்டிலிருந்து இரண்டு உருவங்கள் வந்தன. ஒரே விலங்கின் ஒரு வளையத்தில் டாக்டரின் வலது கை, மறு வளையத்தில் தோட்டக்காரரின் இடது கை. பின்னாலேயே சாமான்காரர், சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு.

"முதலாளி, நாளைக்கும் கொல்லணும்னா கொன்னுடறோம், அது ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றார் தோட்டக்காரர். "ஆனா கதையில நானும் டாக்டரும் இன்னும் ஒரு தடவைகூடச் சந்திச்சதே இல்லையே. இதுவரைக்கும் அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க!"